நாலு டயரும் ஒரு பிளாஸ்டர் மூட்டையும்

தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருக்கும் ரவுண்டானாவில், நாலு தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் சிவப்புக் காரை ஒன்றரைச் சுற்று சுற்றி, நகராட்சியின் பூப்பாத்தியில் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. கார் தானாக நின்றது. அந்த நேரத்தில் நானும் உள்ளே இருந்தேன், அவ்வளவுதான்.

தூறல் விழுந்தது, ரோடு வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். தூறல் விழுந்தது உண்மை. ஆனால் அந்த நாலு பேரும் தங்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து என் காரைக் காட்டினார். ஐம்பத்து மூன்று வயது வரை என்னை யாரும் அப்படி இன்னொருவருக்குக் காட்டியதில்லை. என் வலது கால் பூரித்துப்போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டது. பின்சக்கரம் இரண்டும் 'நாங்கள் வரவில்லை, நீ போ' என்று சொல்லிவிட்டன.

கார் நின்றதும் கதவைத் திறந்து குதித்தேன். ஈர மண்ணில் முழங்காலிட்டு, பின்சக்கரத்து ரிம்மில் கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. "தப்பிச்சோம்டா சாமி" என்றேன். வீரர்கள் கைதட்டினார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர், நான் கேட்காமலே இழுவைக் கயிற்றோடு வந்துவிட்டார். பக்கத்து இருக்கையில் என் மனைவி, புதிதாக வாங்கிய தொப்பியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேரும்வரை ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "சிவப்பு" என்றாள். சிக்னலைச் சொன்னாள், காரை அல்ல.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனதும், நாம் இரண்டு பேர் மட்டும் மேல்மூடி திறந்த காரில் மலைப்பாதை வழியாகக் கடற்கரைக்குப் போவோம் என்று கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது என்னிடம் சைக்கிள் கூட இல்லை, மகளும் இல்லை. வாக்குக் கொடுக்க அதுவே வசதியான வயது. இருபத்தாறு வருடம் கழித்து, போன மாதம், ஒரு ஓய்வுபெற்ற டாக்டரிடமிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் காரை வாங்கினேன். பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை கிளம்புவதாக முடிவானது. அவள் போய்த் தொப்பி வாங்கினாள். விலைச்சீட்டைக் கிழிக்காமல் மூன்று நாள் கண்ணாடி முன்னால் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

பூப்பாத்தியிலிருந்து வந்த அன்று, முக்காலி போட்டு ஏறி, அந்தத் தொப்பியை அலமாரி உச்சியில், பழைய சூட்கேசுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"சனிக்கிழமை போறோம்தானே?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம்."

அவள் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. எண்ணூறு பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்ற ஆயிரத்து அறுநூறு பேருக்கும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பதில் சொல்பவள். எனக்கு மட்டும்தான் 'பார்க்கலாம்'. அதன் பொருள் என்ன என்று கால் நூற்றாண்டாகக் கவனித்து வருகிறேன். ஃப்ரிட்ஜுக்கு மேல் மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்டபோது பார்க்கலாம் என்றாள். இன்றுவரை மீன் இல்லை. நான் புல்லாங்குழல் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கும் அதே பதில். அக்கம்பக்கத்தார் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பயந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். பயத்துக்கு மருந்து டயர். இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

என் மைத்துனன், அதாவது அவளுடைய தம்பி, தகவல் தெரிந்ததும் மறுநாளே வந்துவிட்டான். அவனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. அதனால் கார்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"டயர்ல என்ன மாமா குறை? பட்டன் எல்லாம் முழுசா இருக்கே" என்றான் குனிந்து பார்த்து.

"அதைத்தான் நானும் சொல்றேன். டாக்டர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாராம். தேயவே இல்லை."

"அப்ப இது பவருக்குத் தாங்காத டயர். ரேஸ் டயர் போடுங்க. நெட்ல பாருங்க, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கோந்து மாதிரி ஒட்டும்."

"உங்க அக்கா வருவாளா?"

"அக்காவா?" அவன் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "டயர் பத்திக் கேளுங்க மாமா, சொல்றேன்."

ஊர்க்கோடியில் இருக்கும் டயர்க்கடைக்காரருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்த பெயர் வேறாகத்தான் இருக்க வேண்டும். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டயர் பள்ளத்தை அளக்கும் சின்னக் கம்பி இருக்கும். அறுபது வயது, மெலிந்த உடம்பு, சுவரில் சாய்த்து வைத்த டயர்களுக்கு நடுவே அவர் நடப்பது, நூலகத்தில் ஒருவர் புத்தகம் தேடுவது போல இருக்கும். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. எதைக் கேட்டாலும் திருப்பிக் கேள்விதான் கேட்பார்.

"ரேஸ் டயர் இருக்கா?" என்றேன்.

"இப்ப இருக்கிற டயருக்கு என்ன வயசு?"

"தேயவே இல்லை, பாருங்க."

அவர் கம்பியைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். "ஆறு மில்லிமீட்டர். நல்லாத்தான் இருக்கு. நான் வயசைக் கேட்டேன்."

பிறகு என்னையும் குனிய வைத்து, டயரின் பக்கவாட்டில், எழுத்துகளின் கடைசியில் சின்னக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார். அதைக் கம்பெனி மாடல் எண் என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு எண் அந்த டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு எண் வருடம் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வயது.

"நகத்தால அழுத்துங்க" என்றார்.

அழுத்தினேன். நகம் வளைந்தது, ரப்பர் வளையவில்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. காரணம் இருக்கிறது. நான் பல் செட் செய்பவன். பல் டாக்டர்கள் நோயாளிகள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் பிளாஸ்டரில் வார்த்து, அதன் மேல் பல் கட்டித் தருவேன். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் கைவேலை. மீதிப் பேருக்கு இன்னும் சொந்தப் பல் இருக்கிறது, நானும் பொறுமையாக இருக்கிறேன். ஈறு நோகாமல் இருக்கச் சில செட்டுகளுக்கு உள்ளே மெத்தென்று ஒரு பூச்சுக் கொடுப்போம். இரண்டு வருடம் போனால் அது இறுகிவிடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், பல்லும் தேய்ந்திருக்காது, ஆனால் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். 'போட்டுக்கவே இல்லீங்க, டப்பாலதான் வச்சிருந்தேன்' என்பார்கள். 'டப்பாக்குள்ள இருந்தாலும் வயசு ஆகும்மா' என்று முப்பது வருடமாகப் பெரிய மனிதன் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈரத்தில் வழுக்காத பொருளைச் செய்து பிழைக்கிறவன், ஈரத்தில் வழுக்கிப் பூப்பாத்தியில் விழுந்தேன்.

மில்லிமீட்டர் மூன்று டயர்களை உருட்டி வந்து வரிசையாகப் படுக்க வைத்தார்.

முதலாவதுதான் மைத்துனன் சொன்ன ஜாதி. பள்ளமே ஏறக்குறைய இல்லை. இரண்டு மூன்று கோடு, மற்றதெல்லாம் கறுப்புப் பட்டு. அதன் மேல் கையை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை. தீயணைப்பு நிலையம் மனதில் வந்து போனது. மூன்றாவது டயர் எல்லாப் பருவத்துக்கும் ஆனதாம். காப்பீட்டு ஏஜெண்ட் மாதிரி முகம். நடுவில் இருந்தது இரண்டிலும் சேர்த்தியில்லாமல், அகலமான நாலு பள்ளத்தோடு அமைதியாகக் கிடந்தது.

"இதுல எதுங்க வழுக்காது? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"பார்க்கிறதுக்கா, ஓட்டுறதுக்கா?"

திடுக்கிட்டேன். இது என் கேள்வி. சினிமாக்காரர் மாதிரி வெள்ளை வெளேரென்று பல் கேட்டு வருகிறவர்களிடம், 'பார்க்கிறதுக்கா, மெல்றதுக்கா?' என்று நான் கேட்பது. கேட்டதும் அவர்கள் ஏன் கூரையைப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் மில்லிமீட்டர் கடைக் கூரையைப் பார்த்தேன்.

"ஓட்டுறதுக்குத்தான்" என்றேன் கடைசியில்.

"மழையில எடுப்பீங்களா?"

"மலைப்பாதை. அங்கே எப்பவும் தூறல்."

அவர் முதல் டயரைக் காலால் தள்ளினார். "இது சூடானாத்தான் ஒட்டும். ஈரத்துல தண்ணி போக வழி இல்லை. தூறல்ல இதைப் போட்டா நீங்க கார்ல போகல, படகுல போறீங்க. ரோட்ல பனி உறையிற ஊருக்குப் போவீங்களா?"

"இல்லை."

அடுத்து மூன்றாவதைத் தள்ளினார். "அப்ப இதுவும் எதுக்கு? பணமும் குடுத்து, காரோட குணத்தையும் கெடுத்துக்கிட்டு." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பக்கத்து சீட்ல யாரு வருவாங்க?"

"அதுதான் தெரியலை."

அதற்கு அவரிடம் திருப்பிக் கேட்கக் கேள்வி இல்லை. கொஞ்ச நேரம் கம்பியைத் துணியில் துடைத்தார். நான் நடு டயரின் மேல் கை வைத்தேன். பட்டு இல்லை. கெட்டியான, விட்டுக்கொடுக்கிற ரப்பர். நகம் பதிந்து, மெல்ல மேலே வந்தது.

"இதையே போடுங்க. நாலும்" என்றேன். "பின்னாடி ரெண்டு மட்டும் போதும்னு சொல்ல மாட்டீங்கதானே?"

"பின்னாடிக்கு அகலம் அதிகம், அளவு வேற. ஆனா ஜாதி நாலும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னா, குடும்பத்துல பாதிப் பேர் மட்டும் பேசுற மாதிரி."

"இதைப் போட்டா வழுக்காதுன்னு வீட்ல சொல்லலாமா?"

"எந்த டயரையும் வழுக்க வைக்கலாம் சார். உங்க கால் மனசு வைக்கணும்."

நேரான பதில் இந்த ஊரில் யாரிடமும் கையிருப்பு இல்லை போல.

ஒரு வாரம் கழித்து டயர் வந்து, மாட்டி, தராசில் வைத்த மாதிரி சக்கரங்களைச் சமன் செய்து கொடுத்தார். வண்டியை எடுக்கும்போது ஜன்னலருகே குனிந்து, "முதல் இருநூறு கிலோமீட்டர் பூப்போல ஓட்டுங்க. டயரை வார்த்த அச்சுல இருந்து வந்த வழவழப்பு மேல இருக்கும். அது போனாத்தான் பிடி வரும்" என்றார். பூ என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் சின்னது.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. தொப்பி அலமாரி உச்சியிலேயே இருந்தது. சாப்பிடும்போது, நாலு டயர், பதினோரு வயது, நாலு எண் எல்லாவற்றையும் விளக்கினேன். "ஓ" என்றாள். நாலு பள்ளம் வழியாக நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்பதை மைத்துனன் ஃபோனில் கணக்குப் போட்டுச் சொன்னான். அதற்கும் "ஓ" என்றாள். சனிக்கிழமை பற்றிக் கேட்டேன். பார்க்கலாம்.

இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் பிளாஸ்டர் வாங்கும் கிடங்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழக்கமாக அவர்களே வேனில் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டு நாள், நாளுக்கு ஒரு மூட்டை, போக வர நூறு, கணக்கு நேராகிவிடும். கிடங்குக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுலயா?" என்றார். பின்பக்க டிக்கியில் ஒரு துண்டும் ஒரு சீப்பும் வைக்கலாம். அதனால் இருபத்தைந்து கிலோ மூட்டையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தோம். நகர்ந்ததும் கார் 'கீங் கீங்' என்று கத்த ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று அதற்கு நினைப்பு. மூட்டைக்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.

ரவுண்டானாவில் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். மீசைக்காரர் மூட்டைக்கு ஒரு சல்யூட் அடித்தார். என் வலது கால், கால் மாதிரியே நடந்துகொண்டது.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை, திரும்பி வரும்போது மழை. நல்ல மழை. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் ஆகியிருந்தது. ஒரு வளைவு தாண்டியதும் காற்றில் ஒரு காலிக் குப்பைத்தொட்டி, மூடி திறந்தபடி, ரோட்டின் நடுவே உருண்டு வந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல நேராகப் போய், நேராக நின்றது. தொட்டி என்னைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைக் கூட இறக்காமல் உள்ளே ஓடினேன். அவள் சாப்பாட்டு மேசையில் அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் சின்னச் சின்னச் சீட்டு; மஞ்சள்காரருக்கும் பச்சைக்காரருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வகுப்பு விழுந்துவிடக்கூடாது. அந்த வேலையில் அவளை இடைமறிப்பவர்கள் குறைவு.

"இங்க பாரு, நேரா நின்னுச்சு" என்றேன். "கொட்டுற மழை. குப்பைத்தொட்டி குறுக்கே வருது. ஒரு இம்மி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகலை."

"சரி."

"சிரிப்பு என்னன்னா, பிரேக் பிடிக்கும்போதே என் கை தானா போய் மூட்டையைப் பிடிச்சிருக்கு. இப்படி." கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினேன். "பெல்ட் போட்டிருக்கு, இருந்தாலும். அதைவிடக் கூத்து, நின்னதும் அதைப் பார்த்து, 'ஒண்ணும் ஆகலையே'ன்னு வாய்விட்டுக் கேட்டிருக்கேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த பச்சைச் சீட்டை மேசையில் வைத்தாள். எந்தக் கட்டத்திலும் வைக்கவில்லை, வெறுமனே வைத்தாள்.

"மூட்டையைக் கேட்டீங்களா?"

"ஆமா." இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னைக் கேட்கலை."

"எப்போ?"

"பூப்பாத்தியில."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"நான் பயந்துட்டேன்னு நீங்களும் தம்பியும் பன்னிரண்டு நாளா டயர் டயர்னு பேசுறீங்க" என்றாள். குரல் உயரவில்லை, பள்ளியில் கூட அவளுக்குக் குரல் உயராது. "எனக்குப் பயமே இல்லை. சுத்தும்போது ஒரு நிமிஷம் நல்லாக்கூட இருந்துச்சு, ராட்டினம் மாதிரி. நின்னதும் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், உங்களைக் காணோம். வெளியே முட்டி போட்டுக்கிட்டு வீலைத் தடவிட்டு இருக்கீங்க. தப்பிச்சோம்னு சொன்னீங்க. யாரு தப்பிச்சது? கயிறு எடுத்துட்டு வந்தாரே, அந்த மீசைக்காரர், அவர் வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, 'ஒண்ணும் ஆகலையேம்மா'ன்னு கேட்டாரு. யாரோ ஒரு மனுஷன்."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"அது சொல்லி வாங்குறதா?"

வெளியே மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கார் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டபடி மூட்டை நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரியாதையான மூட்டை. எனக்கு வாய்க்கு வந்த நகைச்சுவை ஒன்றிரண்டு இருந்தன. விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த அரிய காரியங்களில் அதுவும் ஒன்று.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன். பன்னிரண்டாவது நாள், சாப்பாட்டு மேசையில், ஈரச் சட்டையோடு.

அவள் என்னைப் பார்த்தாள். விளையாடுகிறேனா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும், "கழுத்து ரெண்டு நாள் வலிச்சுது" என்றாள். "இந்தப் பக்கம். இப்ப இல்லை."

"தைலம் தேச்சு விட்டிருப்பேனே."

"ரிம்முக்குத் தேச்சது போக மீதி இருந்திருந்தா." உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். பச்சைச் சீட்டை எடுத்து, கொஞ்சம் யோசித்து, புதன்கிழமை மூன்றாம் மணியில் வைத்தாள். அது அங்கே பொருந்தியது.

"தப்பு என் மேலதான்" என்றேன். "மழை இல்லை, டயரும் இல்லை. அவங்க பார்த்தாங்க, நான் அழுத்தினேன்."

"தெரியும். பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இவ்வளவு பயந்துகொண்டு கேட்டதில்லை.

"சனிக்கிழமை வருவியா?"

அவள் சீட்டுகளை நிறம் நிறமாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்டு போட்டாள். மஞ்சள், பச்சை, நீலம். அந்த வார்த்தை வருவதற்காகக் காத்திருந்தேன். அதன் முதல் எழுத்தைக் கூட அவள் வாயில் பார்த்துவிட்டதாகத் தோன்றியது.

"வரேன்" என்றாள். "காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும். முதல்ல அந்த மூட்டையை இறக்குங்க, அது என் சீட்டு."